சேவை விருதுகளும் பட்டமேற்படிப்பு இடமும்

எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர், குறிப்பிட்ட ஒரு துறையில் வல்லுநராவதற்காக, மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்தபடியே சில ஆண்டுகள் பெறும் பயிற்சியை அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிறார்கள். இந்தியாவில் அதே இடத்தில் எம்.டி., எம்.எஸ். பட்டமேற்படிப்பும் தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. படிப்பும் உள்ளன. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் காவேரிப்பட்டினம், பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரங்களிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களும், அவர்களைவிடக் கூடுதலாக அவர்களுடைய பெற்றோரும், இரத்ததான முகாமிலும் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) முகாமிலும் பெற்ற சான்றிதழ்களையும் கேடயங்களையும் பத்திரப்படுத்தி வைத்து, பின்னாளில் பி.ஜி. சீட்டுக்கு அவை கைகொடுக்கும் என்று நம்புவது வழக்கமாக இருக்கிறது. அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்பதற்கான விடை, மாணவர் எந்த நாட்டில், எந்த வழியாக விண்ணப்பிக்கிறார் என்பதைப் பொறுத்தது: இந்தியச் சேர்க்கையில் விருதுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது, அமெரிக்க விண்ணப்பத்தில் அதற்கு ஓர் இடமுண்டு, ஆனால் சிறிய இடம், தமிழ்நாட்டிலோ விருதுக்கு இல்லாத எடை, அரசு மருத்துவராகக் கிராமத்திலும் மலையிலும் செய்யும் பணிக்குச் சட்டப்படியே தரப்பட்டிருக்கிறது.

இந்தியாவில் எம்.டி., எம்.எஸ். இடங்கள் நீட் பி.ஜி. தரவரிசையைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. அத்தேர்வு 200 வினாக்களும் 800 மதிப்பெண்களும் கொண்டது. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூடும், தவறான விடைக்கு 1 குறையும். எய்ம்ஸ் நிறுவனங்கள், புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்றவை ஐ.என்.ஐ. சி.இ.டி. என்ற தனித் தேர்வின் வழியே மாணவர்களை எடுக்கின்றன. இரண்டிலும் நேர்காணல் இல்லை. விண்ணப்பதாரர் தம்மைப் பற்றி எழுதும் கட்டுரை இல்லை. பரிந்துரைக் கடிதத்துக்கோ சாதனைப் பட்டியலுக்கோ கட்டமே இல்லை. கவுன்சலிங்கில் ரேங்க், இட ஒதுக்கீட்டுப் பிரிவு, விருப்பப் பட்டியல் ஆகிய மூன்று மட்டுமே பார்க்கப்படுகின்றன. இது இரக்கமற்ற ஏற்பாடாகத் தோன்றலாம். ஆயினும் கல்லூரிகள் தாமே தேர்வு நடத்தித் தாமே ஆள் எடுத்த காலத்தில் பணமும் செல்வாக்கும் எவ்வளவு தூரம் புகுந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், விருதுக்கு மதிப்பெண் தரும் முறை வந்தால் விருதும் விலைக்கு வரும் என்ற அச்சத்தை வீண் அச்சம் என்று தள்ளிவிட முடியாது.

சேவைக்கும் விருதுக்கும் சேர்க்கையில் எடை உண்டா என்ற கேள்விக்கு மிக நெருக்கமான இந்திய நிகழ்வு கோவிட் காலத்தில் நடந்தது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே 3 அன்று, நீட் பி.ஜி. தேர்வைக் குறைந்தது நான்கு மாதங்களுக்குத் தள்ளிவைப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது. பயிற்சி மருத்துவர்களையும், தொலைபேசி ஆலோசனை போன்ற பணிகளுக்கு இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களையும், ஆசிரியர்களின் மேற்பார்வையில் ஈடுபடுத்த அந்த அறிவிப்பு வழிசெய்தது. 100 நாள் கோவிட் பணியை நிறைவு செய்வோருக்குப் பிரதமர் பெயரிலான தேசியக் கோவிட் சேவை விருது வழங்கப்படும் என்றும், அரசின் நிரந்தர வேலை நியமனங்களில் முன்னுரிமை தரப்படும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. அறிவிப்பை ஊன்றிப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்கத் தவறமாட்டார்: முன்னுரிமை வேலைக்குத்தான் சொல்லப்பட்டதே தவிர, பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கு அல்ல. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று நடந்த தேர்வில், நூறு நாள் பாதுகாப்பு உடையில் நின்றவரும், அந்த நாட்களில் வீட்டில் அமர்ந்து படித்தவரும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதினார்கள். தேசமே எழுந்து நின்று கைதட்டிய சேவைக்கே சேர்க்கையில் மதிப்பெண் இல்லையென்றால், உள்ளூர்ச் சங்கத்தின் ஆண்டுவிழாவில் பொன்னாடையுடன் தரப்படும் கேடயத்தைப் பற்றி மேலும் விவாதிக்க வேண்டியதில்லை.

அரசுப் பணிக்குத் தரப்படும் எடை

இதற்கு நேர்மாறான நிலை, அரசு மருத்துவராகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சில் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டமேற்படிப்பு விதிமுறைகளின் 9-ஆம் விதி, பிற்காலத் திருத்தங்களுக்குப் பின், தொலைதூர, கடினப் பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவருக்கு ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் அவர் நுழைவுத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரை, அதிகபட்சமாக 30 சதவீதம் வரை, ஊக்க மதிப்பெண் தர இடமளித்தது. இவ்விதி செல்லும் என்று 2016-இல் உத்தரப் பிரதேச அரசுக்கும் தினேஷ் சிங் சௌஹானுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஊக்க மதிப்பெண் 800-இல் சதவீதமாகக் கணக்கிடப்படுவதில்லை, மருத்துவர் எடுத்த மதிப்பெண்ணிலிருந்தே கணக்கிடப்படுகிறது. முழு 30 சதவீதத்துக்கும் உரியவர் 300 எடுத்தால் 90 கூடி 390 ஆகும். 500 எடுத்தால் 150 கூடி 650 ஆகும். மலையில் மூன்று ஆண்டு இருந்துவிட்டால் படிக்காமலே சீட் வந்துவிடும் என்று எண்ணுவோர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பது நல்லது.

தமிழ்நாட்டின் கதை ஊக்க மதிப்பெண்ணோடு முடிவதில்லை. மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதியை அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கென ஒதுக்கும் வழக்கம், அதாவது மருத்துவ வட்டாரத்தில் சர்வீஸ் கோட்டா எனப்படுவது, இங்கு நீண்ட காலம் இருந்து, கவுன்சிலின் விதிகளுக்கு அது முரணானது என்ற வழக்குகளால் 2017-இல் தடைப்பட்டது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று, பணியிலுள்ள மருத்துவர்களுக்குத் தனி வழி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றும், மருத்துவக் கவுன்சிலின் வேலை கல்வித் தரத்தை வரையறுப்பதே தவிர ஒதுக்கீட்டைத் தடுப்பது அல்ல என்றும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஒரு கடமையையும் சேர்த்தே குறிப்பிட்டது: இவ்வழியில் பட்டமேற்படிப்பு முடிப்பவர் கிராமப்புற, பழங்குடி, மலைப் பகுதிகளில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பணியாற்றும் வகையில் மாநிலத்தின் கொள்கை அமைய வேண்டும்.

இதன் விளைவை எண்ணாகப் பார்த்தால் தெளிவாகப் புரியும். அரசுக் கல்லூரிகளில் 100 இடங்கள் இருப்பதாகக் கொண்டால், 50 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி 50-இல் பாதியான 25 அரசுப் பணி மருத்துவர்களுக்கும், 25 மற்ற எல்லோருக்கும் என்று பிரியும். மாநில ஒதுக்கீட்டின் மற்றொரு பாதிக்கு மோதுவோரின் கூட்டத்தையும், அரசுப் பணியில் இருப்போரின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எவருக்கும், எம்.பி.பி.எஸ். முடித்ததும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் உதவி மருத்துவர் தேர்வை எழுதி, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியேற்பது எத்தகைய முதலீடு என்பது விளங்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்கு இது இன்னும் அருகில் உள்ள செய்தி. மாவட்டத்தின் மேற்கில் தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி ஆகிய பகுதிகள் காடும் மலையுமாகக் கிடக்கின்றன, அங்கு மருத்துவரை நிலைக்கச் செய்வது நெடுங்காலப் பிரச்சினை. எந்த நிலையம் எந்தப் பிரிவில் வருகிறது, ஆண்டுக்கு எத்தனை சதவீதம், குறைந்தபட்சப் பணிக்காலம் எவ்வளவு என்பவை அரசாணைகளாலும், மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வெளியிட்ட புதிய பட்டமேற்படிப்பு விதிமுறைகளின் பின்னணியிலும் மாறக்கூடியவை; ஆகவே மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஆண்டுதோறும் வெளியிடும் தகவல் கையேட்டை அந்தந்த ஆண்டே படிக்க வேண்டும், சீனியர் சொன்னதை நம்பிப் பணியிடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

எல்லைப்புற மாணவருக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம் என்பதால் இவ்வட்டார மாணவர் சிலர் பெங்களூரு, கோலார் பகுதிக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். கர்நாடகம் 2012-இல் இயற்றிய சட்டம், அங்கு மருத்துவப் படிப்பு முடிப்போருக்கு ஓராண்டுக் கட்டாயக் கிராமப்புறப் பணியை விதித்தது. அச்சட்டம் இப்போது எவ்வடிவில் அமலில் உள்ளது என்பதைப் படித்த கல்லூரியிலேயே கேட்டறிய வேண்டும். அந்த ஓராண்டை அங்கு முடித்தவர், அதைக் காட்டித் தமிழ்நாட்டு சர்வீஸ் கோட்டாவில் நுழைய முடியாது. இங்குள்ள ஒதுக்கீடு தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவருக்கானது. இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடலாம்: தன்வி பெஹல் வழக்கில் 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், பட்டமேற்படிப்பு மருத்துவ இடங்களில் வசிப்பிடத்தை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீடு செல்லாது என்றும், அதே கல்லூரியில் படித்தவருக்கு ஓரளவு முன்னுரிமை தருவதற்குத் தடையில்லை என்றும் கூறிவிட்டது. ஆகவே எல்லையின் எந்தப் பக்கம் எம்.பி.பி.எஸ். படிப்பது என்ற முடிவு, ஆறேழு ஆண்டு கழித்து வரும் பட்டமேற்படிப்புக்கும் சேர்த்து எடுக்கும் முடிவாக ஆகிவிடுகிறது.

மாணவப் பருவத்துச் சேவையால் வேறு என்ன பயன்

மதிப்பெண் இல்லை என்பதால் மாணவப் பருவத்துச் சேவை வீண் என்று ஆகிவிடாது. போலுப்பள்ளியில் அமைந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளுள் ஒன்று. அதன் முதல் அணி உள்ளே நுழைந்த அதே காலத்தில்தான் தேசிய மருத்துவ ஆணையம் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. ஒவ்வொரு மாணவரும் ஒரு கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் சென்று அவர்களுடைய உடல்நலத்தைப் பதிவு செய்வதே அத்திட்டம். இது பாடம், தன்னார்வச் சேவை ஆகாது; ஆனாலும், ஒருநாள் முகாமில் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைவிட, ஒரே வீட்டுக்கு மூன்றாம் முறையாகச் சென்று, அந்த அம்மாள் மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று கேட்டறிவதில் மருத்துவம் அதிகம்.

இதே மாவட்டத்தில்தான், சாமனப்பள்ளி கிராமத்தில், 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்கு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுசெல்வதும், இயன்முறை, வலிநிவாரணச் சேவைகள் வீட்டுவாசலுக்கு வருவதும் அதன் அமைப்பு. 2024-இல் அத்திட்டம் ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்புகளிடைப் பணிக்குழு விருதைப் பெற்றது. இத்தன்னார்வலர்களோடு சில வாரங்கள் நடந்த மாணவருக்குக் கிடைப்பது கேள்விகள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிலுள்ள மிகை ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் ஒடிசா, பீகார், வங்கத் தொழிலாளர்கள் தங்கள் மொழியில் நோயைச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்கள். காவேரிப்பட்டினம் வட்டாரத்து மாந்தோப்புகளில் பூச்சிமருந்து அடிப்பவர்கள் முகமூடி அணிகிறார்களா என்பதே ஓர் ஆய்வுக்குப் போதுமான பொருள். பட்டமேற்படிப்பில் ஆய்வேடு கட்டாயம், மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை அமைப்பில் பணியாற்றும் மாவட்ட உறைவிடப் பயிற்சியும் கட்டாயம். சமூகத்துக்குள் நடந்து பழகியவர் அங்கே தலைப்புத் தேடித் தவிப்பதில்லை.

விருதுகளைப் பொறுத்தவரை, மதிப்புள்ளவை மிகச் சில. 1969-இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டாண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் முடித்தால் சான்றிதழ் கிடைக்கும். தேசிய அளவிலான என்.எஸ்.எஸ். விருது மிகச் சிலருக்கே வாய்க்கும். தமிழ்நாடு அரசு சுதந்திர நாளன்று வழங்கும் முதலமைச்சர் மாநில இளைஞர் விருது, 15 முதல் 35 வயது வரையிலான சமுதாயப் பணியாளர்களுக்கு ரூ.1 லட்சமும் பதக்கமும் சான்றிதழும் கொண்டது. அரசுப் பணியில் உள்ளவர் அதற்கு விண்ணப்பிக்க இயலாது என்பதால், உதவி மருத்துவராகச் சேர எண்ணுபவர் அதற்கு முன்பே முயன்றுவிட வேண்டும். இவற்றுக்கு அப்பால், நுழைவுக் கட்டணமும் விழாச் செலவும் வாங்கிக்கொண்டு, கேள்விப்படாத அமைப்பின் பெயரில் மெடலும் கௌரவப் பட்டமும் தரும் வியாபாரம் ஒன்று பெருகிக் கிடக்கிறது. பணம் கேட்கும் விருதை விண்ணப்பத்தில் எழுதுவது பயனற்றது மட்டுமல்ல, உண்மையாகச் செய்த பணியின் மீதும் ஐயத்தை உண்டாக்கும்.

அமெரிக்க விண்ணப்பம்

அமெரிக்க ரெசிடென்சிக்குச் செல்ல விரும்புவோர், அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளில் தேர்ச்சி பெற்று, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழுடன், ஈராஸ் என்ற மின்னணு விண்ணப்ப முறையில் மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்து, நேர்காணல்களுக்குப் பின் மேட்ச் எனப்படும் கணினிப் பொருத்தத்தின் மூலம் இடம் பெறுகிறார்கள். 2022 ஜனவரியிலிருந்து முதல் படித் தேர்வுக்கு மதிப்பெண் நிறுத்தப்பட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுவதால், இரண்டாம் படித் தேர்வின் மதிப்பெண்ணும், பரிந்துரைக் கடிதங்களும், விண்ணப்பத்தின் ஏனைய பகுதிகளும் முன்னைவிடக் கூர்ந்து பார்க்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று அனுபவப் பகுதி. அதில் பத்து அனுபவங்களுக்கு மேல் சேர்க்க முடியாது. அவற்றுள் மூன்றை மிக முக்கியமானவை என்று விண்ணப்பதாரரே குறித்து, ஏன் என்று சில வரிகளில் விளக்க வேண்டும். விருதுகளுக்குத் தனிப் பகுதி உண்டு. விருது அங்கே ஒரு வரியாக நிற்கும். நேர்காணலில் கேள்வி எழுவது அனுபவப் பகுதியிலிருந்துதான். ஒரு விருது எவ்வளவு போட்டிக்குப் பின் கிடைத்தது என்பது அங்குள்ள தேர்வாளருக்குத் தெரியாது. ஆனால், தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் ஓர் எல்லைக் கிராமத்தில் நீரிழிவு நோயாளிகளை ஆறு மாதம் பின்தொடர்ந்தது எப்படி என்று மாணவர் விளக்கினால் அது அவருக்குப் புரியும்.

அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் பெயரிலான தன்னார்வச் சேவை விருதைக் குறித்து இங்கே ஒரு மயக்கம் நிலவுகிறது. 2003-இல் ஏற்படுத்தப்பட்ட அது, ஓராண்டில் ஆற்றிய மணி நேரத்தைக் கணக்கிட்டு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரப்பட்டது. ஆனால் அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் மட்டுமே அதற்குத் தகுதியுடையோராக இருந்தனர். இங்கிருந்து விசாவில் செல்லும் மாணவருக்கு அது பொருந்தாது. வாங்கித் தருகிறோம் என்று யாரேனும் கூறினால் விலகிக்கொள்வதே நல்லது.

ஆழ்ந்து பார்த்தால் அமெரிக்கச் சட்டமும் தமிழ்நாட்டைப் போலவே நடந்துகொள்கிறது. ஜே-1 விசாவில் பயிற்சி பெறும் வெளிநாட்டு மருத்துவர், பயிற்சி முடிந்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்பது விதி; 1994-இல் தொடங்கிய கான்ராட் திட்டத்தின்படி, மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஒரு பகுதியில் மூன்றாண்டு பணியாற்றினால் அந்த நிபந்தனையிலிருந்து விலக்குக் கிடைக்கிறது. அங்கும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வது, தேவையுள்ள இடத்தில் சம்பளத்துடன் ஆற்றிய முழுநேரப் பணியை.

பதிவேடு

எந்த வழியில் செல்பவருக்கும் இன்றியமையாதது, செய்தபோதே எழுதி வைத்த பதிவு. ஒரு பழைய நோட்டுப் புத்தகமே போதும். முகாம் முடிந்த அன்று மாலை, தேதி, ஊர், எத்தனை மணி நேரம், தாம் செய்த வேலை என்ன, மேற்பார்வையிட்ட மருத்துவர் யார், எத்தனை பேர் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர் என்ற ஆறு செய்திகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் பெயரும் முகவரியும் மட்டும் அதில் இருக்கவே கூடாது. 'காவேரிப்பட்டினத்தில் மருத்துவ முகாமில் கலந்துகொண்டேன்' என்ற வரி மூன்றாண்டு கழித்து யாருக்கும் ஒன்றும் சொல்லாது. 'இரத்த அழுத்தம் அளக்கும் மேசையில் நான்கு மணி நேரம். அளவு மிகுந்திருந்தவர்களுள் பாதிப் பேர் தங்களுக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் சீட்டை எழுதும் பொறுப்பு' என்ற மாதிரிக் குறிப்பிலிருந்து, அமெரிக்க விண்ணப்பத்தின் பத்தியும் பிறக்கும், ஆய்வேட்டின் தலைப்பும் பிறக்கலாம்.

சான்றுக் கடிதத்தைப் பொறுத்தவரை காலதாமதமே பெரிய பகை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்கள் மாறுதலிலும், பெரும்பாலும் சர்வீஸ் கோட்டாவிலேயே பட்டமேற்படிப்புக்கும், போய்விடுகிறார்கள். அவர் போனபின் வருபவர், தாம் பார்க்காத பணிக்குக் கையெழுத்திடத் தயங்குவது நியாயமே. பணி முடிந்த வாரத்திலேயே, அலுவலகத் தாளில், தேதிகளும் பணியின் தன்மையும் குறிக்கப்பட்டு, முத்திரையுடன் கடிதம் பெற்று, ஒரு நகலை மின்வடிவில் சேமித்துவிட வேண்டும். கடிதத்திலுள்ள பெயரின் எழுத்துகளும் முதலெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே சரிபார்க்க வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இடும் தமிழ்நாட்டு வழக்கமும், குடும்பப் பெயரைத் தனியே கேட்கும் வெளிநாட்டு விண்ணப்பமும் மோதும் இடம் அதுதான்.